ஒழுங்கும் முறையீடும்: திருவனந்தபுரம் மாநகராட்சி தரும் பாடம்

(உள்ளாட்சி நிர்வாகம் பயிலும் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு நகரத்தின் நிர்வாகம் எப்படி இருக்கிறது என்பதை அறிய அதன் வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பவர்கள் உண்டு. அதன் சாலைகளையும் சாக்கடைகளையும் பார்த்து முடிவு செய்பவர்களும் உண்டு. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் அளவுகோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நகராட்சியின் கடைநிலை ஊழியருக்கு ஒரு குறை நேர்ந்தால் அவர் அதை எங்கே சொல்வார், எத்தனை நாளில் விடை பெறுவார் என்பதே அந்த அளவுகோல்.

ஊழியர் ஒழுங்கு, ஊழியர் குறைதீர்ப்பு ஆகிய இரண்டும் நம் அலுவலகங்களில் வெவ்வேறு கோப்புகளில் கிடக்கின்றன. ஒன்றை நிர்வாகத்தின் உரிமை என்றும், மற்றொன்றை ஊழியருக்குக் காட்டும் சலுகை என்றும் கருதிப் பழகிவிட்டோம். இந்தப் பிரிவினை தவறானது என்பதும், முறையீட்டுக்கு வழியில்லாத அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கை நிலைத்து நிற்காது என்பதுமே இன்று நான் கூற வந்த கருத்து. அதற்குச் சான்று தேடி வெளியூர் செல்ல வேண்டியதில்லை. இந்த நகரிலேயே, சாலை வட்டாரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி ஒன்று போதும்.

2022-ஆம் ஆண்டு ஓணத்தின்போது

சாலைக் கடைவீதி தமிழர்க்கு அறிமுகமான இடம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் அமைந்த இந்தச் சந்தையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் வாழ்ந்து வருகின்றனர். நெருக்கடி மிகுந்த இந்தப் பகுதியைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பு மாநகராட்சியின் சாலை வட்ட சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தது.

2022 செப்டம்பர் 8 அன்று திருவோணம். அதற்கு முந்தைய வாரத்தில் கேரளத்து அலுவலகங்களில் பூக்களம் இட்டு, விருந்து வைத்துக் கொண்டாடுவது வழக்கம். பணி நேரத்துக்கு இடையூறு இல்லாமல் கொண்டாட வேண்டும் என்று மாநகராட்சி ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. சாலை வட்டத் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டாட ஏற்பாடு செய்திருந்த நாளில், பணியை முடித்த பின்னரே கொண்டாட்டம் என்று மேலலுவலர் வற்புறுத்தியதாகவும், அதனால் தங்கள் கொண்டாட்டம் கெட்டதாகவும் அவர்கள் கூறினர். பணி முடிந்து திரும்பியவர்கள், தங்களுக்கென வாங்கி வைத்திருந்த ஓண விருந்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டி எதிர்ப்பைக் காட்டினர். அந்தக் காட்சி படமாகி ஊரெங்கும் பரவியது. உணவை வீணாக்கியதைக் கண்டு பொதுமக்களில் பலர் வருந்தினர், பலர் சினந்தனர்.

அப்போது மேயராக இருந்தவர் ஆர்யா ராஜேந்திரன். 11 தொழிலாளர்மீது உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களுள் நிரந்தரப் பணியாளர் 7 பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தற்காலிகப் பணியாளர் 4 பேர் வேலையிலிருந்தே நீக்கப்பட்டனர். இதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. தொழிற்சங்கத்தினர் தலையிட்டனர். சில நாட்களுக்குள் நடவடிக்கை முழுவதும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

யார் சரி, யார் தவறு என்று இங்கே தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. உணவைக் குப்பையில் கொட்டுவதை நம் பண்பாடு ஏற்பதில்லை. பணி நேரத்தில் பணி நடக்க வேண்டும் என்ற ஆணையிலும் பிழை இல்லை. ஆயினும் நிர்வாக மாணவர்கள் இதில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரே செயலுக்கு இரு வகைத் தண்டனை ஏன்? விரைந்து எடுத்த நடவடிக்கை விரைந்தே விலகியது ஏன்? எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு கொண்டாட்டத்தின் நேரம் பற்றிய சிறு மனக்குறை குப்பைத் தொட்டிவரை போக நேர்ந்தது ஏன்?

தண்டிக்கும் முறை

முதலில் ஒழுங்கு நடவடிக்கையின் அமைப்பைப் பார்ப்போம். அரசு ஊழியர்க்கு அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு காப்பளிக்கிறது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஓர் ஊழியரை நீக்க முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, எதிர்வாதத்துக்குத் தக்க வாய்ப்பளித்து, விசாரணை நடத்திய பின்னரே நீக்கலாம். விசாரணை நடத்துவது இயலாது என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அவற்றின் எல்லையை 1985-இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நகராட்சி ஊழியர் பொதுவாக மாநில அரசின் கீழ்க் குடிமைப் பதவி வகிப்பவராகக் கருதப்படுவதில்லை. ஆகவே இப்பிரிவின் காப்பு அவருக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. அவருக்குப் பாதுகாப்பு சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளிலும், இயற்கை நீதி என்னும் பொதுக் கோட்பாட்டிலும் இருக்கிறது.

கேரள அரசு ஊழியர்க்கு 1960-ஆம் ஆண்டின் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகள் உள்ளன. நகராட்சி ஊழியர் பற்றிய நடைமுறையும் பெரும்பாலும் இதே வடிவம் கொண்டது. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், இழப்பீட்டுப் பிடித்தம் ஆகியவை சிறு தண்டனைகள். பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு ஆகியவை பெருந்தண்டனைகள். பணிநீக்கம் பெற்றவர் மீண்டும் அரசு வேலைக்கு வரத் தடையில்லை. பணியறவு பெற்றவருக்குச் சாதாரணமாக அந்த வாய்ப்பும் இல்லை. சிறு தண்டனைக்கு விளக்கம் கேட்டு முடிவு செய்தால் போதும். பெருந்தண்டனைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, எழுத்து மூலம் விளக்கம், விசாரணை அலுவலர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, விசாரணை அறிக்கை ஆகிய படிகள் தேவை. அறிக்கையின் நகலை ஊழியரிடம் கொடுத்து அவர் கருத்தைக் கேட்ட பின்பே தண்டனை விதிக்க வேண்டும் என்று 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

தற்காலிகப் பணிநீக்கம் இந்தத் தண்டனைப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசாரணைக்கு ஊறு நேராதபடி ஊழியரைச் சிலகாலம் விலக்கி வைக்கும் ஏற்பாடு அது. அக்காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும். கோலார் தங்கச் சுரங்க ஊழியர் ஒருவர் பிழைப்பூதியம் கிடைக்காமையால் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலை போயிற்று. 1999-இல் அவ்விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டைத் தராமல் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் கூறியது.

இவ்வளவு இருந்தும் நம் அலுவலகங்களில் தற்காலிகப் பணிநீக்கம் தண்டனையாகவே பயன்படுகிறது. பொதுமக்களின் சினம் பொங்கும் வேளையில், ‘நடவடிக்கை எடுத்துவிட்டோம்’ என்று காட்ட அது எளிய வழி. ஆனால் அவ்வேளையில் எடுக்கும் முடிவு, செயலின் தன்மையை எடைபோட்டு எடுப்பதாக இராது. ஊரின் சினத்தையே எடைபோட்டு எடுப்பதாகிவிடும். சினம் தணியும்போது அந்த முடிவைத் தாங்கி நிற்க எதுவும் மிஞ்சாது.

ஒரே செயல், இரு விளைவுகள்

சாலை நிகழ்ச்சியில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அந்த நால்வரின் நிலை. பதினொருவரும் செய்ததாகச் சொல்லப்பட்டது ஒரே செயல். எழுவருக்குத் தற்காலிக விலக்கம், நால்வருக்கு வேலையே இல்லை. செயலில் இல்லாத இவ்வேறுபாடு நியமன ஆணையில் இருந்தது. நிரந்தர ஊழியரை நீக்கப் பல படிகள் ஏற வேண்டும். தற்காலிக ஊழியரை நீக்க ஒரு கையெழுத்துப் போதும் என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது.

சட்டம் அப்படிக் கூறவில்லை. 1957-இல் புருஷோத்தம் லால் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான கோட்டை வரைந்தது. தற்காலிக ஊழியரின் பணியை நியமன நிபந்தனைப்படி முடிப்பது வேறு. குற்றம் செய்தார் என்பதற்காக முடிப்பது வேறு. பின்னது தண்டனை. தண்டனை என்றால் 311-ஆம் பிரிவு கூறும் வாய்ப்பு அவருக்கும் உண்டு. அரசு ஊழியரைப் பற்றிய தீர்ப்பு இது. 1993-இல் யாதவ் வழக்கில், தனியார் ஆலைத் தொழிலாளி ஒருவரைக்கூட விளக்கம் கேளாமல் நீக்குவது நியாயமாகாது என்று அதே நீதிமன்றம் கூறியது. வாழ்வாதாரத்தைப் பறிக்கும் ஆணைக்கு முன் ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும் என்பது இதன் சாரம்.

துப்புரவுப் பணியில் தற்காலிகமாகவும் ஒப்பந்த அடிப்படையிலும் உழைப்போர் நாடெங்கும் மிகுந்து வருகின்றனர். விதிகளின் பாதுகாப்பு நிரந்தரப் பணியாளரோடு நின்றுவிட்டால், மிகுதியான ஆபத்தை ஏற்பவர்க்கு மிகக் குறைந்த பாதுகாப்பு என்ற முரண்பாடு நிலைத்துவிடும்.

தண்டனையின் அளவு பற்றியும் ஒரு சொல். உணவு தொடர்பான ஒழுங்கு வழக்கு ஒன்றே உச்ச நீதிமன்றம்வரை சென்றதுண்டு. ரஞ்சித் தாக்கூர் என்னும் படைவீரர், தாம் துன்புறுத்தப்படுவதாக மேலதிகாரிகளுக்கு நேரடியாக முறையிட்டார். அதற்காகவே அவருக்கு 28 நாள் சிறை கிடைத்தது. சிறையில் இருந்தபோது உணவு உண்ணுமாறு இட்ட கட்டளையை மறுத்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதற்கு ஓராண்டுச் சிறையும் பணியறவும் விதித்த படை நீதிமன்றத்தில், அவர் யார்மீது முறையிட்டாரோ அந்த அதிகாரியே அமர்ந்திருந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. குற்றத்துக்கு ஒவ்வாத தண்டனை நிலைக்காது என்பதும், முறையீட்டுக்கு இலக்கானவர் நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் இரு பாடங்கள். கட்டுப்பாடு மிகுந்த படையிலேயே இது விதியென்றால் நகராட்சி அலுவலகத்தில் எப்படி விலக்காகும்?

கேட்கும் முறை

இனி மறுபக்கத்துக்கு வருவோம். தண்டிப்பதற்கு நம்மிடம் எண்ணிட்ட விதிகள் இருக்கின்றன. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வரலாற்றைப் பார்த்தால், பெரிய தொழிற் பூசல்கள் பல சிறிய குறைகளில் தொடங்கியவை. 1918-இல் சென்னையில் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் திரண்டு, பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அவர்கள் முன்வைத்த குறைகளுள் முதன்மையானது நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. உணவும் நேரமும் பற்றிய குறையைக் கேட்க ஆலையில் ஆள் இல்லாததால், கேட்கச் செய்யச் சங்கம் தேவைப்பட்டது.

நகராட்சிகளும் இதிலிருந்து தப்பவில்லை. வங்காளத்தின் பட்ஜ்பட்ஜ் நகராட்சி, தலைமை எழுத்தரையும் சுகாதார ஆய்வாளரையும் கீழ்ப்படியாமை முதலிய காரணங்கள் கூறி நீக்கியது. சங்கம் வழக்காடியது. நகராட்சியின் பூசலும் தொழிற் பூசலே என்று 1952 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. 1960-இல் நாகபுரி மாநகராட்சி வழக்கும், 1978-இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கும் அந்தப் பாதையை மேலும் அகலமாக்கின.

1958-இல் நைனிதாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு தொழில் ஒழுங்கு நெறியை ஏற்றது. அதனை ஒட்டி மாதிரிக் குறைதீர்ப்பு முறை ஒன்றும் வகுக்கப்பட்டது. அதன் எளிமை இன்றும் வியக்கத் தக்கது. தொழிலாளி முதலில் தம் குறையை உரிய அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லலாம். 48 மணி நேரத்தில் விடை வர வேண்டும். நிறைவில்லையேல் துறைத் தலைவரிடம் செல்லலாம். அவருக்கு 3 நாள். அதன் பின் குறைதீர்ப்புக் குழு. அதற்கு 7 நாள். குழுவின் பரிந்துரை மீது நிர்வாகம் 3 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். ஒழுங்கும் குறைதீர்ப்பும் ஒரே காலத்தில், ஒரே சிந்தனையில் பிறந்தவை என்பதை இது காட்டுகிறது. நாளடைவில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நாம் மறந்தோம்.

பின்னர்ச் சட்டமே இதைக் கையில் எடுத்தது. 20 பேருக்குக் குறைவான இடங்கள் நீங்கலாக மற்றத் தொழிலகங்களில் குறைதீர்ப்புக் குழு அமைக்க 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் இக்குழுவை வற்புறுத்துகிறது. குழுவில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இரு தரப்பாரும் சம அளவில் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தக்க இடம் வேண்டும். 30 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒரு குறிப்பிட்ட நகராட்சிப் பிரிவு இச்சட்டத்தில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் காது கொடுப்போம் என்று ஒரு நகராட்சி சொல்ல வேண்டியதில்லை.

தெருவே பணியிடம்

சாலை நிகழ்ச்சிக்கு மீண்டும் வருகிறேன். அலுவலக எழுத்தருக்கு மேசை உண்டு, கூடம் உண்டு, பூக்களம் இடத் தரை உண்டு. துப்புரவுத் தொழிலாளிக்குத் தெருவே பணியிடம். விடியலுக்கு முன் தொடங்கும் அவர் வேலை முடியும்போது உடையிலும் உடலிலும் அழுக்குப் படிந்திருக்கும். ‘பணி முடிந்த பின் கொண்டாடுக’ என்ற ஆணை இருவருக்கும் ஒன்றே. இருவருக்கும் அதன் பொருள் ஒன்றன்று. இந்த வேறுபாட்டை மேலலுவலரிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒரு வழியும், 48 மணி நேரத்தில் விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருக்குமாயின், மூன்று நான்கு பேர் அமர்ந்து பேசி முடிக்கத் தக்க செய்தி இது. குளிக்க ஓர் இடம், பணியை முறை மாற்றிச் செய்ய ஓர் ஏற்பாடு, அல்லது ஒரு மணி நேரத் தளர்வு ஆகியவற்றுள் ஒன்று போதியிருக்கலாம். ‘முடியாது’ என்ற விடையும்கூடக் காரணத்தோடு வந்தால் ஏற்கத் தக்கதே.

எதிர்ப்பு வெடித்த பின்னரும் ஒரு வாய்ப்பு இருந்தது. பதினொருவருக்கும் ஒரே மாதிரியான விளக்கம் கோரும் குறிப்பாணை அளித்து, சில நாள் பொறுத்து, விடைகளைப் படித்து, தேவையெனில் கண்டனம் என்னும் சிறு தண்டனையோடு முடித்திருக்கலாம். அது நிலைத்திருக்கும். வேகமாக எடுத்து வேகமாக விலக்கிய நடவடிக்கையால் எவருக்கும் நன்மையில்லை. தொழிலாளி, விதியைவிடச் சங்கத்தின் கையே வலியது என்று கற்றார். மேலலுவலர், தம் ஆணைக்குத் துணை நிற்பார் இல்லை என்று கற்றார். எது குற்றம், எது அன்று என்பது எந்த ஏட்டிலும் பதியாமல் போயிற்று.

செய்யத் தக்கவை

நகராட்சிகள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு சுகாதார வட்டத்திலும் முறையீட்டுப் பதிவேடு ஒன்று வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் எழுதிக்கொள்ள ஓர் எழுத்தர் வேண்டும். திருவனந்தபுரம் போன்ற நகரில் மலையாளத்தில் மட்டுமன்றித் தமிழில் சொன்னாலும் பதிய வேண்டும். பதிந்ததற்கு எண்ணிட்ட ரசீது தர வேண்டும்.

இரண்டாவதாக, குறைதீர்ப்புக் குழுவில் தற்காலிகத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். அவர்களை விலக்கிய குழு பாதித் தொழிலாளரின் குரலையே கேட்கும்.

மூன்றாவதாக, முறையீட்டுக்கு இலக்கான மேலலுவலர் அதனை விசாரிக்கக் கூடாது. முறையிட்டவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கவும் கூடாது. தேவைப்பட்டால் வேறோர் அலுவலர் தொடங்கட்டும்.

நான்காவதாக, உயிருக்கோ, பணத்துக்கோ, சான்றுகளுக்கோ ஆபத்து இருந்தாலன்றித் தற்காலிகப் பணிநீக்கம் கூடாது. ஒரே செயலுக்கு ஒரே அளவுகோல். நியமனத்தின் வகை தண்டனையின் அளவை முடிவு செய்யலாகாது. தண்டனையை விசாரணைக்கு முன் ஊரறிய அறிவிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அறிவித்த பின் நடக்கும் விசாரணையை எவரும் நம்பமாட்டார்.

இவை ஒழுங்கைத் தளர்த்தும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். நான் அதற்கு மாறாகவே கருதுகிறேன். தம் குறை கேட்கப்பட்டது என்று அறிந்த ஊழியர், தமக்கு எதிரான முடிவையும் பொறுத்துக்கொள்வார். கேட்கப்படாதவர் தமக்குச் சாதகமான முடிவையும் ஐயுறுவார். விதிப்படி விசாரித்துத் தண்டித்த அலுவலரின் ஆணையை மேல்முறையீட்டில் அசைப்பது கடினம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை நகராட்சிச் செயலர்களாகவும் ஆணையர்களாகவும் அமர்வீர்கள். கீழ்ப்படியாமை என்ற தலைப்பிட்ட கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வரும். அதில் கையெழுத்திடுமுன் எழுத்தரை அழைத்து, ‘இந்த ஊழியர் இதற்கு முன் ஏதாவது மனுக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அதற்கு நாம் என்ன விடை எழுதினோம்?’ என்று கேளுங்கள். அந்த விடை வந்த பின் பேனாவை எடுங்கள்.